பஞ்சர் கடை சோப்புத் தண்ணீரும் டர்போ காரும்

மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறு வரை கார் ஒழுங்காகத்தான் வந்தது. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் இரண்டாவது கியரில் மிதித்தால் இழுக்கவில்லை. என்ஜின் கத்துகிறது, முள் ஏறுகிறது, ஆனால் முதுகை சீட்டோடு அழுத்துகிற அந்தத் தள்ளல் இல்லை. கூடவே பானெட்டுக்குள்ளிருந்து, குக்கர் விசில் அடிப்பதற்குச் சற்று முன்னால் வருமே, அந்த மாதிரி ஒரு ‘ஸ்ஸ்ஸ்’. பின்னால் வந்த அரசுப் பேருந்து ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போனது. 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவனுக்கு இது வெளியே சொல்லக்கூடிய சம்பவம் இல்லை.

கோவை திரும்பி முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகினார்கள். பி0299 என்று ஒரு கோடு, அதாவது கோளாறைச் சொல்லும் குறியீடு, வந்தது. “டர்போ போச்சு சார், மாத்திடலாம்” என்றார்கள். செலவு ஒரு லட்சத்துக்கு மேல். ஒரு நாள் யோசிக்கிறேன் என்று சொல்லி வண்டியை எடுத்துவந்துவிட்டேன். உண்மையில் போனது என்ன என்று புரிய, டர்போ என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

என்ஜினுக்குப் பெட்ரோல் ஊற்றுவது சுலபம். பம்பும் இன்ஜெக்டரும் கேட்ட அளவுக்கு ஊற்றும். காற்றைக் கொடுப்பதுதான் கஷ்டம். ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். என்னுடையது போன்ற 1.8 லிட்டர் என்ஜின் 6,000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது நிமிடத்துக்கு 5,400 லிட்டர் காற்றை இழுக்கப் பார்க்கும். எடை போட்டால் ஆறு கிலோவுக்கு மேல். அதற்கு மேல் வேண்டுமென்றால் பெரிய என்ஜின் போட வேண்டும், அல்லது அதே இடத்துக்குள் காற்றை அமுக்கித் திணிக்க வேண்டும். டர்போ திணிக்கிற ஆள்.

முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு நத்தைக் கூடுகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டுக்குள்ளும் ஆளுக்கொரு சின்ன விசிறி, நடுவில் இரண்டையும் இணைக்கும் ஒரே தண்டு. சைலன்சர் பக்கம் வீணாகப் போகும் சூடான புகை ஒரு விசிறியைச் சுற்றுகிறது. அது சுற்றினால் மறுபக்க விசிறியும் சுற்றி, வெளிக்காற்றை உறிஞ்சி அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-லேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அந்தத் தண்டு சுற்றும் வேகம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல். சின்ன டர்போக்களில் இரண்டு லட்சத்தையும் தாண்டும். ஒரு முனையில் 900 டிகிரிக்கு அருகே புகை, மறுமுனையில் சாதாரணக் காற்று, நடுவில் தண்டைத் தாங்கிப் பிடிப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும். இந்த எண்ணெயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு அமுக்குகிறது என்பதைத்தான் பூஸ்ட் என்கிறோம். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றுக்கே ஏறக்குறைய 1 பார் அழுத்தம் உண்டு. பூஸ்ட் மீட்டர் 1 பார் காட்டினால், அதற்கு மேல் இன்னொரு 1 பார் என்று பொருள். அதாவது கிட்டத்தட்ட இரட்டிப்புக் காற்று. பி.எஸ்.ஐ. கணக்கில் சுமார் 15. டயருக்கு 32 அடிக்கிறோம், இது அதில் பாதிகூட இல்லை. ஆனால் டயரில் அடித்த காற்று உள்ளேயே உட்கார்ந்திருக்கும். இங்கே நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மலையில் டர்போவின் அருமை தெரியும். ஊட்டி இருக்கும் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிடக் கிட்டத்தட்ட கால்பங்கு குறைவு. டர்போ இல்லாத கார் அந்த அளவுக்கு மூச்சு வாங்கும். டர்போ கார் இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றி, குறைந்த காற்றை ஈடுகட்டிவிடும். ஈடுகட்ட முடிகிற நிலையில் அது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அமுக்கினால் சுடும்

சைக்கிளுக்குக் கைப்பம்பில் காற்றடித்திருந்தால் பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். இங்கும் அதே கதை. 30 டிகிரி காற்றை 1 பார் பூஸ்டுக்கு அமுக்கினால், குறையே இல்லாத கம்ப்ரஸராக (டர்போவில் காற்றை அமுக்கும் விசிறிப் பக்கம்) இருந்தாலும் 95 டிகிரியை எட்டும். நிஜ வாழ்க்கைக் கம்ப்ரஸரில் 120-ஐத் தாண்டும். சூடான காற்று விரிந்துபோகும், கஷ்டப்பட்டுத் திணித்ததில் ஒரு பகுதி வீண். அதனால்தான் ரேடியேட்டர் போலவே ஒன்று, இன்டர்கூலர், நடுவில் உட்கார்ந்து அதை ஆற்றுகிறது. சென்னையில் மே மாத மதியம், கிண்டி டிராஃபிக்கில் அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டுத் திடீரென்று மிதித்தால் கார் சோம்பலாக இருப்பது கோளாறு இல்லை. இன்டர்கூலரே சூடேறிக் கிடக்கிறது.

சூட்டால் வரும் பெரிய ஆபத்து நாக்கிங். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி வருவதற்குள், மூலையில் இருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் உடையும். இப்போதைய கார்களில் இதை உணரும் சென்சார் இருக்கிறது. கேட்டவுடன் கம்ப்யூட்டர் பற்றவைக்கும் நேரத்தைத் தள்ளிப்போடும், வண்டி பிழைக்கும், சக்தி குறையும். உயர் ஆக்டேன் பெட்ரோல் விவகாரமும் இதுதான். எக்ஸ்பி95, பவர் 99, எக்ஸ்பி100 எதுவானாலும் அவற்றுக்குள் கூடுதல் சக்தி ஒளிந்திருக்கவில்லை. நாக்கிங்கைத் தாங்கும் திறன்தான் கூட. டர்போ இல்லாத சாதாரண ஹேட்ச்பேக்கில் 100 ஆக்டேன் ஊற்றுவது பங்க்காரருக்கு மட்டும் லாபம். அதிக பூஸ்டில் ஓடும் காரில் வித்தியாசம் தெரியும்.

இந்தச் சூட்டோடு மல்லுக்கட்டியதில் எனக்குப் பிடித்த கதை அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். 1962-இல் விற்பனைக்கு வந்த இது, உலகின் முதல் டர்போ கார்களில் ஒன்று. நாக்கிங்கை அடக்க, காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை என்ஜினுக்குள் பீய்ச்சினார்கள். அதற்கு ‘டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்’ என்று பெயர் வேறு. டப்பா காலியானால் ஊற்ற வேண்டியது உரிமையாளர். நாம் வைப்பருக்கே தண்ணீர் ஊற்றுவதில்லை, அவர்களும் அப்படித்தான். திரவம் தீர்ந்ததும் கார் தானே பூஸ்டைக் குறைத்துக்கொள்ளும், ‘இதற்கா இவ்வளவு காசு’ என்று புகார் வரும். கடைசியில் பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டினார்கள்.

வைத்து ஓட்டுபவருக்கு

எண்ணெய். என்னைக் கேட்டால் டர்போ கார் பராமரிப்பில் பாதி இதுதான். கம்பெனி புத்தகம் 15,000 கிலோமீட்டர் என்று சொன்னாலும் நான் 7,500-இல் மாற்றிவிடுவேன். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மிதிக்க வேண்டாம். எண்ணெய் சூடேறும் வரை பத்து நிமிடம் மெதுவாகப் போனால் போதும். மலையேறியோ ஹைவேயில் விரட்டியோ வந்து நின்றால், உடனே சாவியைத் திருகாமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். சூடான தண்டில் எண்ணெய் ஓட்டம் சட்டென்று நின்றால், அங்கே தேங்கிய எண்ணெய் கருகி அடுப்புக்கரி போல ஒட்டிக்கொள்ளும். புதிய கார்களில் டர்போவைச் சுற்றித் தண்ணீரும் ஓடுவதால் இந்தப் பயம் குறைந்திருக்கிறது. ஆனாலும் ஒரு நிமிடத்தில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?

இன்னொரு பழக்கம். ஐந்தாவது கியரில் 1,300 ஆர்.பி.எம்.மில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது கியரைக் குறைக்காமல் முழுதாக மிதிப்பது. மைலேஜுக்காக நம் ஊரில் நிறையப் பேர் இப்படி ஓட்டுகிறார்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுவது) உள்ள சின்ன டர்போ என்ஜின்களில், குறைந்த வேகத்தில் பெரிய சுமை விழும்போது, பிளக் பற்றவைப்பதற்கு முன்பே கலவை வெடிக்கும் ஆபத்து உண்டு. ஒரே வெடிப்பில்கூட பிஸ்டன் போகலாம். இதைக் கட்டுப்படுத்துவதையும் சேர்த்து, என்ஜின் ஆயிலில் ஏ.பி.ஐ. எஸ்.பி. (API SP) என்ற தரம் 2020-இல் வந்தது. டப்பாவின் பின்பக்கம் அந்த எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கியரையும் குறையுங்கள்.

மாற்றம் செய்ய ஆசைப்பட்டால்

ஆசைப்படாதவர் இந்தக் காரை வாங்கியிருக்க மாட்டார், அது தெரியும். முதல் ஆசை பெரும்பாலும் சத்தம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ‘உஷ்ஷ்’ என்று ஒரு பெருமூச்சு வருமே, அது. காலை எடுத்ததும், என்ஜினுக்குக் காற்று போகும் வழியில் இருக்கும் கதவான த்ராட்டில் மூடிக்கொள்ளும், ஆனால் டர்போ இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும். மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்ற ஒரு வால்வு வேண்டும். கம்பெனி வால்வு அந்தக் காற்றைச் சத்தமில்லாமல் டர்போவின் வாய்க்கே திருப்பி அனுப்பிவிடும். கடையில் வாங்கி மாட்டுவது வெளியே ஊதும். சத்தம் பிரமாதம்தான். ஆனால் நுழைவாயிலிலேயே காற்றை அளந்து கணக்கெழுதும் சென்சார் உள்ள கார்களில், கணக்கில் ஏறிய காற்று இப்போது ரோட்டில். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. இல்லாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும். சிக்னலில் வந்து நின்றால் என்ஜின் தடுமாறி அணைந்தாலும் அணையும்.

அடுத்த ஆசை ரீமேப். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பூஸ்ட், பெட்ரோல், பற்றவைப்பு நேரம் ஆகியவற்றின் அட்டவணைகளை மாற்றி எழுதுவது. ஸ்டேஜ் 1 என்றால் மென்பொருள் மட்டும், ஸ்டேஜ் 2 என்றால் பெரிய இன்டர்கூலரும் புகைக்குழாயும் சேர்ந்தது, ஸ்டேஜ் 3 என்றால் டர்போவையே மாற்றுவது என்று பொதுவாகச் சொல்வார்கள். இதற்கெல்லாம் எந்தத் தர நிர்ணயமும் கிடையாது, கடைக்குக் கடை மாறும். டர்போ இல்லாத காரில் ரீமேப் செய்து பெரிதாக ஒன்றும் கிடைக்காது. டர்போ காரில் லேப்டாப்பை மாட்டி ஒரு மணி நேரத்தில் கணிசமாகச் சக்தி கூட்டிவிடலாம். ஆபத்தும் அந்தச் சுலபத்தில்தான் இருக்கிறது. கூடிய சக்தியை யார் தாங்குவது? ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டி.க்யூ.200 என்ற ஏழு கியர் ஆட்டோமேட்டிக், 250 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. 2013-இல் இங்கே வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.-யில் அந்த கியர்பாக்ஸ் இருந்தது, என்ஜின் கொடுத்தது 175. கொஞ்சம் இடம் இருக்கிறது. அதே கியர்பாக்ஸ் வந்த ஆக்டேவியா 1.8-இல் என்ஜின் கொடுத்ததே 250. அங்கே ரீமேப் செய்பவர் கிளட்சுக்கும் சேர்த்துக் காசு எடுத்துவைக்க வேண்டும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் மாற்றினால் கிளெய்ம் நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். வேகமாக ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டையில் டிராக் இருக்கிறது. அவிநாசி ரோடு அதற்கான இடம் இல்லை.

என் கருத்தைக் கேட்டால், எந்த மாற்றத்துக்கும் முன்னால் செலவழிக்க வேண்டியது பழைய ரப்பர் ஹோஸ், கிளாம்ப், ஸ்பார்க் பிளக் ஆகியவற்றில். அமுக்கிய காற்றுக்கு நடுவே பொறி தாண்டுவது கஷ்டம்; பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் பூஸ்ட் ஏறும்போது மட்டும் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். பலர் அதையும் டர்போ கோளாறு என்றே நினைக்கிறார்கள்.

காற்று எங்கே போகிறது?

சரி, பி0299-க்கு வருவோம். அந்தக் கோடு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ‘நான் இவ்வளவு அழுத்தம் கேட்டேன், வரவில்லை’. ஏன் வரவில்லை என்று அது சொல்லாது. ஹோஸ் கிழிந்திருக்கலாம். பூஸ்ட் அளவு மீறாமல் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் கதவு முழுதாக மூடாமல் இருக்கலாம். அதை இயக்கும் சின்ன வேக்குவம் குழாய் கழன்றிருக்கலாம். அந்த ‘உஷ்’ வால்வின் சவ்வு கிழிந்திருக்கலாம். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கலாம். சென்சாரே பொய் சொல்லலாம். டர்போவும் போயிருக்கலாம்தான், ஆனால் பட்டியலில் அது கடைசி ஆள்.

புகையின் நிறம் கொஞ்சம் பேசும். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, இனிப்பு வாசமும் அடித்தால், என்ஜினை ஆற்றும் திரவமான கூலன்ட் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. என் காரில் சைலன்சர் வாயில் விரலை விட்டுத் தேய்த்தால் மை மாதிரி கரி ஒட்டியது. காற்றை அளக்கும் சென்சார் உள்ள கார் என்பதால் கணக்கு புரிந்தது. அளந்த காற்று வழியில் எங்கோ ஒழுகுகிறது. இதுவே த்ராட்டிலைத் தாண்டி, என்ஜினை ஒட்டிய இடத்தில் ஓட்டை என்றால், ஐடிலில் அங்கே உறிஞ்சும் விசை இருப்பதால் அளக்காத காற்று உள்ளே புகும், கதை தலைகீழாகிவிடும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் ஓ.பி.டி. கருவியை (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சின்ன ஸ்கேனர்) மாட்டி, ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணைப் போனில் பாருங்கள். பெட்ரோலைக் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. ஐந்துக்குள் இருந்தால் கவலையில்லை, பத்தைத் தாண்டினால் தேட வேண்டும்.

டர்போவையும் தொட்டுப் பார்த்தேன். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, காற்று நுழையும் பக்கத்து ஹோஸைக் கழற்றி, விசிறியின் மூக்கை இரு விரலால் பிடித்து ஆட்ட வேண்டும். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இருக்கும், எண்ணெய் இல்லாத நேரத்தில் அது இயல்பு. இதழ்கள் சுவரைத் தொடக்கூடாது. முன்னும் பின்னும் ஆடவே கூடாது. என்னுடையது ஆடவில்லை, தட்டிவிட்டால் சுகமாகச் சுற்றியது. அப்போதே ஒரு லட்சம் மிச்சம் என்று தோன்றிவிட்டது.

அடுத்தது சோதனை. ஹார்டுவேர் கடையில் ஹோஸின் வாய்க்குப் பொருந்துகிற பி.வி.சி. எண்ட் கேப் ஒன்று. பஞ்சர் கடையில் ஒரு டியூப்லெஸ் வால்வு. மூடியில் ஓட்டை போட்டு வால்வைச் செருகினால் கருவி தயார். அதை டர்போவின் வாயில் இருக்கும் ஹோஸில் மாட்டி, கிளாம்பை இறுக்கி, பஞ்சர் கடை கம்ப்ரஸரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட வேண்டும். என்ஜின் அணைந்திருக்க வேண்டும். 10 பி.எஸ்.ஐ. போதும், 15-ஐத் தாண்டவே கூடாது. என்ஜினின் எண்ணெய் சீல்கள் பிதுங்கிவிடும். மூடி துப்பாக்கிக் குண்டு மாதிரி தெறிக்கும், முகத்தை எதிரே வைக்காதீர்கள். என்ஜின் வால்வுகள் வழியாகக் கொஞ்சம் காற்று போகத்தான் செய்யும், அதைக் கண்டு பதற வேண்டாம்.

பஞ்சர் கடை அண்ணன் முதலில் சிரித்தார். “காருக்கே பஞ்சருங்களா?” என்றார். அப்புறம் அவரே ஆர்வமாகி, சோப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து ஒவ்வொரு இணைப்பிலும் பீய்ச்ச ஆரம்பித்தார். இன்டர்கூலர் மேல் ஹோஸ் சுத்தம். த்ராட்டில் பக்கம் சுத்தம். கீழே, பம்பருக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும் ஹோஸுக்கு டார்ச் அடித்தபோது, கிளாம்பின் விளிம்பை ஒட்டி நுரை குமிழ் குமிழாகப் பொங்கிக்கொண்டிருந்தது. கையை விட்டு அழுத்தினால் மூடிக்கொள்கிறது, விட்டால் திறக்கிறது. ஒரு இஞ்ச் நீளக் கிழிசல். சும்மா பார்த்தால் தெரியாது; அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும். “டயரும் இப்படித்தானுங்க, லோடு ஏத்துனாத்தான் ஓட்டை தெரியும்” என்றார்.

அப்படியே ஓட்டியிருந்தால் டர்போ நிஜமாகவே போயிருக்கும். கேட்ட அழுத்தம் வராததால் கம்ப்யூட்டர் வேஸ்ட்கேட்டை மூடியே வைத்து இன்னும் சுற்று, இன்னும் சுற்று என்று விரட்டிக்கொண்டிருக்கும். தண்டு அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றும். டர்போவையே மாற்றியிருந்தாலோ, புதியதும் அதே கிழிசல் வழியாக ஊதியிருக்கும். ஒருவேளை உங்கள் டர்போ உண்மையாகவே செத்துவிட்டது என்றால், புதியதை மாட்டும் முன் எதனால் செத்தது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். எண்ணெய் திரும்பும் குழாய் அடைத்திருந்தால் புதியதும் சில மாதங்களில் புகையும்.

புதிய ஹோஸும் இரண்டு கிளாம்பும் வாங்கியது மூவாயிரத்துச் சொச்சம். மாட்ட ஒரு மணி நேரம், அதில் பாதி நேரம் பம்பர் கிளிப்புகளோடு போராட்டம். பஞ்சர் கடை அண்ணன் காற்றுக்கு இருபது ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். அந்த பி.வி.சி. மூடி அதற்குப் பிறகு என் டிக்கியில்தான் கிடந்தது. இப்போது பீளமேட்டில் ஒரு நண்பரிடம் இருக்கிறது. அவருக்கும் பி0299 வந்திருக்கிறது, அவரிடமும் டர்போ போச்சு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.